நெல்லுக்கு ஒரு பல் செட்டு

பூந்தமல்லி நெல் மண்டியில் தரகர் ஜம்புலிங்கம் பேசுவதற்காக வாயைத் திறப்பது குறைவு. நெல்லைக் கடிப்பதற்குத்தான் திறப்பார்.

திருமழிசைப் பக்கத்துக் குடியானவர்கள் விடியற்காலையிலேயே வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டு வருவார்கள். செங்குன்றத்து அரிசி மில்களின் ஆட்கள் வாங்கிப் போக நிற்பார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் ஜம்புலிங்கம். மூட்டையின் தலை, இடுப்பு, அடி என்று மூன்று இடத்தில் குத்தூசியைச் செருகி, இடத்துக்கு ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில் வாங்குவார். பதரை ஊதித் தள்ளிவிட்டு, ஒரு மணியைப் பொறுக்கி வலது கடைவாயில் வைத்துக் கடிப்பார். கடித்ததைத் துப்பி நகத்தால் புரட்டிப் பார்ப்பார். பிறகு, "மூணு வெயில்" என்பார்.

அறுத்து அடித்த நெல் மூன்று நாள் வெயிலில் காய்ந்திருக்கிறது என்று அதற்குப் பொருள். நாலு வெயில் என்றால் முழு விலை. மூன்று என்றால் மூட்டைக்கு ஒரு படி கழிவு. இரண்டு என்றால் மூட்டையை அவிழ்த்து மறுபடியும் காயப்போட வேண்டியதுதான். ஐந்துக்கு மேல் போனாலும் கழிவு உண்டு, மில்லில் நொய்யாகிவிடும். இந்த ஒரு வார்த்தைக்காக மூட்டைக்கு ஓர் அணாவை இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக அவருக்குக் கொடுத்தார்கள். அந்த வார்த்தையை யாரும் மறுத்ததில்லை.

ஒரு தடவை திருமழிசைக் கோதண்டம் பத்து மூட்டை கொண்டு வந்திருந்தார். ஏழாவது மூட்டையில் ஜம்புலிங்கம் அடிநெல்லைக் கடித்துத் துப்பி, இரண்டு தடவை நகத்தால் புரட்டிப் பார்த்தார்.

"கோதண்டம், இது ஏரிக்கரை ஓரத்து ஈர நெல்லு. மத்ததெல்லாம் மேட்டு நெல்லு. எதுக்கு ரெண்டையும் ஒண்ணா கட்டின?"

"நான் எங்க கட்டினேன்? ஊட்ல பொம்பளைங்க கட்டிச்சுங்கோ."

"அப்ப பொம்பளைங்களாண்ட சொல்லு, மூட்டையோட அடிய நானும் பாப்பேன்னு."

கோதண்டம் சிரித்துக்கொண்டே கழிவை ஒத்துக்கொண்டார். அப்படித்தான் இருபத்தைந்து வருஷம் போயிற்று.

இருபத்தைந்து வருஷத்தில் எத்தனை மணி கடித்திருப்பார் என்று கணக்கு இல்லை. நெல்லின் உமி அரம் மாதிரி. நாற்பத்தாறு வயதில் வலது கடைவாய்ப் பற்கள் ஈறு மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டன. இடது பக்கம் மாற்றிக் கடித்தார், அதுவும் ஆடத் தொடங்கியது. முன்பல் இரண்டு தானாக விழுந்தன. எஞ்சியவை சீழ் வைத்து, கன்னம் வீங்கி, ராத்திரி பகல் என்று இல்லாமல் வலித்தன. ஜம்புலிங்கத்துக்கு வலியைவிட வேறொரு பயம் பெரிதாக இருந்தது. பாடிக் கிராமத்திலிருந்து எத்திராஜ் என்று ஒரு தரகர் புதிதாக மண்டிக்கு வரத் தொடங்கியிருந்தார். வயது முப்பது. பல் முப்பத்திரண்டும் இருந்தன. பல் போன தரகரிடம் யார் நெல்லை நீட்டுவார்கள்?

அவருடைய மனைவி தாட்சாயிணிதான் வழி சொன்னாள். பட்டணத்தில் ஒரு சீனாக்காரப் பல் வைத்தியர் முழுச் செட்டும் கட்டித் தருகிறார் என்று திருவேற்காட்டில் தன் அண்ணன் சொல்லக் கேட்டிருந்தாள். ஆடி மாதம் மண்டி மந்தமாக இருக்கும். அந்தச் சமயம் பார்த்து இருவரும் திருவேற்காட்டில் போய்த் தங்கிக்கொண்டு, அங்கிருந்து பட்டணம் போய்வந்தார்கள். இருந்த ஏழு பல்லையும் சீனாக்காரர் பிடுங்கினார். ஈறு ஆறும் வரை காத்திருந்து அளவெடுத்தார். சிவப்பு ரப்பரில் ஈறும் வெள்ளைப் பீங்கானில் பல்லுமாக மேலும் கீழும் செய்து கொடுத்தார். விலை அறுபத்தைந்து ரூபாய்.

இரண்டு மாதம் எங்கே போனார் என்று மண்டியில் கேட்டால் என்ன சொல்வது?

"திருப்பதி போயிருந்தேன்னு சொல்லிடறேன்" என்றார் ஜம்புலிங்கம்.

"பெருமாள் பேர சொல்லிப் பொய் சொல்லாதீங்க. சொல்றதுனா போயிட்டு வந்து சொல்லலாம்" என்றாள் தாட்சாயிணி.

அப்படியே போய் மொட்டையும் போட்டுக்கொண்டு வந்தார்கள். அது நல்லதாகப் போயிற்று. மண்டியில் எல்லோரும் மொட்டைத் தலையைப் பார்த்தார்களே தவிர வாயைப் பார்க்கவில்லை.

ஆனால் புதுப் பல்லுக்கு நெல் தெரியவில்லை. சொந்தப் பல்லில் மணி உடையும்போது வேர் வரைக்கும் ஒரு சேதி போகும். இந்தப் பல்லுக்கு வேர் ஏது? முதல் நாள் வீட்டில் கடித்துப் பார்த்தபோது கூழாங்கல்லும் நெல்லும் ஒன்றாகத்தான் இருந்தன. அறுவடைக்கு மூன்று மாதம் இருந்தது. தாட்சாயிணி ஐந்து முறத்தில் ஊறவைத்த நெல்லைப் பரப்பி, ஒரு நாள் வெயில், இரண்டு நாள் வெயில் என்று ஐந்து நாள் வரைக்கும் காயவைத்து எடுத்து வைத்தாள். அவரைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்லிவிட்டு ஒவ்வொரு மணியாகக் கையில் கொடுப்பாள்.

"மூணு" என்பார் அவர்.

"ரெண்டு. இன்னொரு தடவ கடிங்க."

"மூணுடி."

"காய வெச்சவ நானா நீங்களா?"

பத்து நாள் எல்லாம் தப்பு. பிறகுதான் ஒன்று புரிந்தது. பல்லுக்குத் தெரியாதது காதுக்குத் தெரிந்தது. மணி உடையும் சத்தம் ரப்பர் வழியாக அண்ணத்துக்கு ஏறி, காதுக்கு உட்பக்கமாக வந்து விழுந்தது. ஈர நெல்லின் சத்தம் தட்டையாக இருக்கும். நாலு வெயில் நெல் சுண்டிவிட்ட மாதிரி கேட்கும். அதற்குமேல் காய்ந்தால் சத்தம் இரண்டாகப் பிளக்கும். கார்த்திகை பிறப்பதற்குள் தாட்சாயிணி கொடுத்த ஐம்பது மணியில் ஐம்பதும் சரியாகச் சொன்னார். அன்றைக்கு அவள் முகத்தில் வந்த சிரிப்பை அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை.

சாப்பாட்டில்தான் தகராறு. செட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டால் அது ஒரு மயிரிழை நகர்ந்துவிடுகிறது, எண்ணெயும் புளியும் ஏறினால் சத்தம் மாறுகிறது என்று கண்டுபிடித்தார். அதனால் வீட்டுக்கு வந்ததும் கழற்றிக் கழுவித் தகர டப்பாவில் வைத்துவிட்டு, குழைத்த சோற்றை வெறும் ஈறால் மென்று முழுங்குவார். தாட்சாயிணிக்கு ஆத்திரமாக வரும்.

"இவ்ளோ துட்டு போட்டுப் பல்லு கட்டியாந்துட்டு, கொழந்தைக்குப் பெசையிற மாதிரி பெசஞ்சு வெக்கணுமா நானு?"

"தராசுத் தட்டுல சோத்தப் போட்டா தின்பாங்க?"

அவள் வாய்க்குள் முணுமுணுத்துக்கொள்வாள். மறுபடியும் பிசைவாள்.

வருமான வரி வந்தது இதற்கெல்லாம் நடுவில்தான். முன்பு வருஷத்துக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குக் கீழே சம்பாதிக்கிறவனைச் சர்க்கார் திரும்பிப் பார்த்ததில்லை. முப்பத்தொன்றாம் வருஷத்தில் அந்த எல்லையை ஆயிரமாகக் குறைத்தார்கள். ஜம்புலிங்கத்தைப் போன்ற சில்லறைத் தரகர்கள்கூட வலையில் விழுந்தார்கள். ஆயிரத்துக்கு ஒரு ரூபாய் குறைந்தால் வரி இல்லை. ஒரு ரூபாய் கூடினால் மொத்தப் பணத்துக்கும் ரூபாய்க்கு நாலு தம்பிடி, நூற்றுக்கு இரண்டு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல்.

செட்டுக் கட்டிய வருஷத்துக் கணக்கைக் கணக்கெழுதும் உலகநாதன் போட்டுக்கொண்டு வந்தார். மண்டியில் நாலைந்து பேருக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவர். கூட்டிக் கழித்துப் பார்த்தால் நிகர வருமானம் ஆயிரத்து நாற்பத்தொன்று. வரி இருபத்தோரு ரூபாய் பதினோரு அணா. நெல் விலை படுத்துக் கிடந்த வருஷம். மூட்டை வரத்து குறைந்து தரகும் அதோடு படுத்திருந்தது.

"நாப்பத்தொரு ரூபாதான் இடிக்குது அண்ணாத்தே. வேற செலவு எதுனா உட்டுட்டீங்களா பாருங்க. வண்டி அச்சு எழுதிட்டேன். குத்தூசி எழுதிட்டேன். மாட்டுக்குக் குளம்பு வைத்தியம் நாலு ரூபா, அதுவும் எழுதிட்டேன்."

உள்ளேயிருந்து தாட்சாயிணி கேட்டாள்: "மாட்டு வைத்தியத்த வருமானத்துல கழிச்சுத் தள்ளுவாங்களா?"

"தள்ளுவாங்கம்மா. தொழில் மாடாச்சே."

"அப்ப மனுஷன் பல்லத் தள்ளமாட்டாங்களா?"

ஜம்புலிங்கம் திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தார். பேச்சு வெளியே வந்துவிட்டது. உலகநாதன் முதலில் அவருடைய வாயைப் பார்த்தார், பிறகு ரொம்ப மரியாதையாகக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தார். சீனாக்காரருடைய ரசீதை வாங்கி, புரியாத எழுத்துள்ள பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அறுபத்தஞ்சு ரூபா. இத்தச் சேத்தா ஆயிரத்துக்குக் கீழ வந்துடும். ஒரு காசு வரி இல்ல. ஆனா வைத்தியச் செலவுன்னு எழுதினா அடிச்சிடுவாங்க. கருவின்னு எழுதறேன்."

"வெளிய தெரிஞ்சா?"

"தெரியாம பாத்துக்கலாம்" என்றார் உலகநாதன். அப்படிச் சொன்னாரே தவிர, எப்படி என்று சொல்லவில்லை.

விசாரணைக்குக் கூப்பிட்ட நாளன்று மூவரும் பஸ் ஏறிப் பட்டணம் போனார்கள். வாயைத் திறந்தது நான்தானே என்று தாட்சாயிணியும் கூட வந்தாள். வருமான வரி அதிகாரி ஜானகிராமனின் அறைக்கு அரைக்கதவுதான். வெளியே பெஞ்சியில் வரிசையாக வியாபாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வரிசையில் மடியில் கணக்கு மூட்டையோடு எத்திராஜ் இருந்தார்.

"இன்னா அண்ணாத்தே, நீயும் இங்கதான் கீறியா?" என்றார்.

ஜம்புலிங்கம் வாயைத் துடைப்பதுபோல் துண்டால் மூடிக்கொண்டார். உள்ளே போனதும் அவர் பயந்தது போலவே ஆயிற்று. ஜானகிராமன் நல்ல மனிதர், நிதானமானவர். ஆனால் கொஞ்சம் காது மந்தம். அதனால் எல்லோருக்கும் மந்தம் என்று நினைத்துக்கொண்டு உரக்கப் படிப்பார், ஒப்புக்கொண்டதற்கு எதிரே நீலப் பென்சிலால் கோடு போடுவார்.

"வண்டி அச்சு, பன்னிரண்டு ரூபாய். சரி. மாட்டுக்குக் குளம்பு வைத்தியம், நாலு. சரி. நெல் சோதிக்கும் கருவி, அறுபத்தைந்து." நிறுத்தினார். "அது என்ன கருவி, அறுபத்தைந்து ரூபாய்க்கு?"

உலகநாதன் கூரையைப் பார்த்தார்.

"தொழிலுக்கு வாங்கினதுங்க" என்றார் ஜம்புலிங்கம், குரலைத் தாழ்த்தி.

"கேட்கவில்லை. கருவி எங்கே இருக்கிறது?"

"இங்கதாங்க கீது."

ஜானகிராமன் மேஜையைப் பார்த்தார், அவருடைய கையைப் பார்த்தார், உலகநாதனின் பையைப் பார்த்தார். அடிப்பதற்குச் சிவப்புப் பென்சிலை எடுத்தார். 'வேணாங்க, அடிச்சிடுங்க' என்ற சொல் ஜம்புலிங்கத்தின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இருபத்தோரு ரூபாய் போனால் போகிறது, வாய் மிஞ்சும்.

அப்போது அதிகாரி சொன்னார்: "இல்லாத கருவியை எழுதினால் அது பொய்க் கணக்கு. ஒன்று பொய்யானால் மற்றதையும் நான் சந்தேகப்பட வேண்டியிருக்கும். தெரியுமல்லவா?"

அவர் வார்த்தையைப் பொய் என்று யாரும் சொன்னதில்லை. ஆயிரம் மூட்டை நெல்லுக்கு நடுவில் நின்றும் யாரும் சொன்னதில்லை. அரைக்கதவுக்குக் கீழே எத்திராஜின் கால் தெரிந்தது. ஜம்புலிங்கம் அந்தக் காலைப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த துண்டை மேஜைமேல் விரித்தார். மேல் செட்டையும் கீழ் செட்டையும் கழற்றித் துண்டின்மேல் வைத்தார்.

"இதாங்க" என்றார். பல் இல்லாத வாயில் சொல் குழைந்து வந்தது.

ஜானகிராமன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஓய், இது பல் செட்டு. பல்லு, கண்ணாடி, மருந்து, இதெல்லாம் சொந்தச் செலவு. அவனவன் உடம்புக்கு அவனவன் செய்துகொள்வது. சட்டத்தில் இதற்கு இடமில்லை."

"மாட்டுக்குத் தள்ளினீங்களே எஜமான்."

"மாடு தொழிலுக்கு உழைக்கிறது."

"இதுவும் அதுக்குத்தாங்க உழைக்குது. நெல்ல கடிச்சுக் கடிச்சுத்தான் என் பல்லு போச்சு. நெல்ல கடிக்கத்தான் இத்த வாங்கினேன்."

"இருக்கட்டும். தொழிலுக்கு மட்டும் என்றால் தள்ளலாம். நீர் இதில்தானே சாப்பிடவும் செய்கிறீர்?"

"இல்லீங்க."

"பல்லைக் கட்டிக்கொண்டு சாப்பிடாமல் இருப்பவன் எவன்? யாரிடம் சொல்கிறீர்?"

"என் சம்சாரம் வெளிய கீறா. கேளுங்க."

தாட்சாயிணியை உள்ளே கூப்பிட்டார்கள். மேஜைமேல் துண்டையும் பல்லையும் கண்டதும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இவர் இதைப் போட்டுக்கொண்டு சாப்பிடுவாரா அம்மா?"

"அத்த மட்டும் கேக்காதீங்க சாமி" என்றாள். "ஒண்ணரை வருஷமாவுது. ஒரு முறுக்கு கடிச்சது இல்ல. ஒரு கறித்துண்டு வாயில வெச்சது இல்ல. தீவாளிக்குச் சுட்ட அதிரசத்தப் பாலுல ஊற வெச்சுக் குடுத்தேன். கல்யாணத்துக்குப் போனா பந்தியில உக்கார மாட்டாரு, வெரதம்னு சொல்லிட்டு வந்துடுவாரு. கேட்டா, தராசுல சோறு போட்டுத் திம்பாங்களான்றாரு. நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க, இது ஞாயமா?"

அவள் முறையிட வந்ததுபோல் முறையிட்டாள். அதிகாரி அதைச் சாட்சியமாக எழுதிக்கொண்டார். மாட்டு வைத்தியத்துக்குப் போட்ட அதே நீலப் பென்சிலால் அறுபத்தைந்துக்கு எதிரே ஒரு கோடு போட்டார்.

"தொழிலுக்கு மட்டும் பயன்படும் கருவி. சரி. வருமானத்தில் தள்ளுபடி" என்று உரக்கப் படித்தார். பிறகு ஜம்புலிங்கத்தைப் பார்த்து, "போட்டுக்கொள்ளும்" என்றார்.

வெளியே எத்திராஜ் எழுந்து வழிவிட்டார். "பத்திரம் அண்ணாத்தே. கருவிய மேஜமேல உட்டுட்டுப் போயிடப் போற" என்றார். பெஞ்சி முழுவதும் சிரித்தது.

பஸ்ஸில் ஜம்புலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். மிச்சமான பணத்தைப் பற்றி உலகநாதன் இரண்டு தடவை எடுத்துச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அடுத்த சந்தை நாளில் மண்டியே கூடிக் கூடிப் பேசிக்கொண்டிருந்தது. எத்திராஜ் முந்திக்கொண்டு வந்திருந்தார். குத்தூசியோடு ஜம்புலிங்கம் வந்து நின்றதும் பேச்சு நின்றது. வண்டிகள் நின்றன. யாரும் மூட்டையை அவிழ்க்கவில்லை. முதல் வண்டி கோதண்டத்தினுடையது. அவர் இறங்கி வந்தார்.

"ஜம்பு, பல்லு பொய்ப் பல்லாமே?"

"ஆமா."

"எத்தினி நாளா?"

"போன வருஷம் ஆவணியிலேர்ந்து."

கோதண்டம் விரல்விட்டு எண்ணினார். "அப்ப தை மாசம் எனுக்கு மூணு வெயில்னு சொன்னியே, அது?"

"இந்தப் பல்லுதான்."

கோதண்டம் முகத்தைச் சொறிந்துகொண்டார். "அது செரிதான். மூணு நாள்தான் காஞ்சுது. நாலுன்னு சொல்லிக்கினு வந்தேன், நீ ஒத்துக்கல." பிறகு கேட்டார்: "இதுல சோறு துன்றதில்லன்னு சம்சாரம் சர்க்கார்ல போயி சாட்சி சொல்லிச்சாமே. அது நெசமா?"

"நெசம்."

"எதுக்கு?"

"சத்தம் கெட்டுப்பூடும்."

கோதண்டம் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு எத்திராஜ் நின்ற பக்கம் திரும்பினார். "எத்திராசு, நீ காலைல இன்னா நைனா துன்னுட்டு வந்த?"

எத்திராஜுக்கு இந்தக் கேள்வி எங்கே போகிறது என்று பிடிபடவில்லை. "பழைய சோறு. கருவாட்டுக் கொழம்பு" என்றார்.

"அந்த வாயாலதான் எங்க நெல்ல கடிக்கிற" என்றார் கோதண்டம்.

முதலில் சிரித்தது மில்காரர்களின் ஆட்கள்தான். பிறகு வண்டிக்காரர்கள். கடைசியில் எத்திராஜே தலையைச் சொறிந்துகொண்டு சிரித்துவிட்டார். கோதண்டம் வண்டிக்குப் போய் மூட்டையின் வாயை அவிழ்த்தார்.

வரியில் மிச்சமான இருபத்தோரு ரூபாய் பதினோரு அணாவை ஜம்புலிங்கம் தாட்சாயிணியிடம் கொடுத்துவிட்டார். அவள் கோழி விற்றதையும் மோர் விற்றதையும் ஆறு மாதம் அதோடு சேர்த்தாள். ஒரு நாள் அவரைக் கூட்டிக்கொண்டு சீனாக்காரரிடம் போய், சாப்பாட்டுக்கென்று இன்னொரு செட்டுக்கு அளவு கொடுக்கச் சொன்னாள். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. அந்த வருஷக் கணக்கில் உலகநாதன் பேனாவை எடுத்ததும், "அது சோத்துப் பல்லு, எழுதாத" என்று ஜம்புலிங்கம் தடுத்துவிட்டார். வருமானம் ஆயிரத்துக்கு மேல் ஒன்பது ரூபாய் கூடிப்போய் அந்த வருஷம் வரி கட்டினார்.

அதற்குப் பிறகு ஒரு மாசி மாதம். மண்டியில் நாற்பது வண்டி நின்றது. ஜம்புலிங்கம் முதல் மணியைக் கடித்தார், முகம் சுளித்தார். இன்னொன்று கடித்தார். குத்தூசியைக் கோதண்டத்தின் கையில் கொடுத்துவிட்டு, "செத்த இருங்க, பல்லு மாறிப்போச்சு" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்து வைக்கோல் போட்டார்கள். மில் ஆட்கள் நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள். சும்மா நின்ற எத்திராஜைப் பார்த்து யாரும் கூப்பிடவில்லை. அவரும் போய் நிழலில் உட்கார்ந்தார்.

பாதி வழியில், தகர டப்பாவை முந்தானையில் மூடிக்கொண்டு தாட்சாயிணி எதிரே வேகமாக வந்துகொண்டிருந்தாள். ஜம்புலிங்கம் ஒரு வேலி ஓரமாகத் திரும்பி நின்று மாற்றிக்கொண்டார். சோற்றுப் பல்லை அவள் கையில் வாங்கினாள்.

"போங்க, ஜனங்க காத்துகினு கீது" என்றாள். "மத்தியானம் முருங்கக்கா போட்டுக் கொழம்பு வெக்கிறேன். இத்தக் கழுவி வெச்சிருக்கறேன்."